இறுதி முனை

அந்தக் கட்டம் காலியாக இருந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று எழுத்தர் பிற்பாடு பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். குடிநீர் வாரியத்தின் பழைய தொலைபேசி இணைப்புகளையெல்லாம் 'சங்கமம்' என்ற புது மென்பொருளோடு கோக்கும் வேலை மூன்றாம் மாடியில் நடந்துகொண்டிருந்தது. சங்கமம் என்பது அலுவலகத்தில் இருப்பவர்கள் அடுத்த மேசைக்கு எழுந்து போகாமல் கணினியிலேயே பேசி, கூட்டம் போட்டு, கோப்பு அனுப்பிக்கொள்ள ஓர் ஏற்பாடு. இனிமேல் போனும் அதற்குள்ளேயே அடிக்கும் என்றார்கள். இணைக்க வந்த ஆலோசகர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து எழுத்தர் தன் குடையைத் தேடிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தார்.

திரையில் ஒரு கேள்வி இருந்தது: 'எவரும் எடுக்காத அழைப்பு எங்கே போக வேண்டும்?' அதன் கீழே ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது ஒன்றுதான்: எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. விட்டால் கோப்பு திரும்பி வரும். எழுத ஒன்றும் இல்லையென்றால் 'பொருந்தாது' என்றாவது எழுது. ஆகவே அவர் 'பொருந்தாது' என்று தட்டினார். எண்கள் மட்டுமே ஏற்கப்படும் என்று திரை சிவந்தது. சரி, எண்தானே என்று, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணான தன் மேசை போனின் எண்ணைப் போட்டார். திரை பச்சையாகி நன்றி சொன்னது. மேசைக்கு அடியில் குடையும் கிடைத்தது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அப்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி நர்ஸ். பதவி உயர்வோடு ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய தூரத்து ஊருக்கு மாற்றியிருந்தார்கள். மகளுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. அந்த ஊரிலும் வாரியத்துக்கு ஒரு கிளை இருந்தது. எழுத்தர் இடமாறுதல் மனு கொடுத்திருந்தார். நிர்வாக அதிகாரி அதை வாங்கி, "இதெல்லாம் ஒரு விஷயமா, ஒரு வாரத்துல ஆர்டர் வந்துடும்" என்றிருந்தார்.

"நாங்க முன்னாடி போறோம், நீங்க பின்னாடியே வந்துடுங்க. பாத்திரத்துல பாதிய உங்களுக்கு வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி.

"பாதி எதுக்கு? ஒரு வாரத்துக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் போதும்" என்றார் அவர்.

அவள் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் சில நாட்கள் போன் கொஞ்சம் கூடுதலாக அடித்தது. குழாயில் காற்று வருகிறது என்பார்கள். தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடுகிறது என்பார்கள். எழுத்தர் தண்ணீர் லாரி டிரைவரின் கைப்பேசிக்குப் பேசி அனுப்பிவைப்பார். அந்த டிரைவர் ஒருவர்தான் இன்னும் சங்கமத்தில் சேர்க்கப்படாதவர். அதனால் கூப்பிட்டால் எடுப்பார்.

பிறகு அலுவலகம் நிறங்களைக் கண்டுபிடித்தது.

சங்கமத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு உண்டு. பச்சை என்றால் ஆள் சும்மா இருக்கிறார், போன் அடிக்கும். சிவப்பு என்றால் கூட்டத்தில் இருக்கிறார், அடிக்காது. கணக்குப் பிரிவில் எழுத்தருக்குப் பக்கத்து மேசைக்காரர்தான் இதை முதலில் மோப்பம் பிடித்தவர். காலண்டரில் ஒரு கூட்டம் என்று குறித்து வைத்தாலே போதும், கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை, பொட்டு தானாகச் சிவந்துவிடும். அவர் தனக்குத் தானே காலை முதல் மாலை வரை ஒரு கூட்டம் போட்டுக்கொண்டார். அடுத்த வாரத்துக்குள் கட்டடம் முழுவதும் சிவந்துவிட்டது. பியூன்கூடக் கூட்டத்தில் இருந்தார்.

எல்லோரும் சிவந்ததால் எல்லா அழைப்புகளும் எவரும் எடுக்காத அழைப்புகள் ஆயின. எவரும் எடுக்காத அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதை எழுத்தர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்.

"நீங்களும் செவத்துடுங்களேன், யார் வேணாம்னா?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

எழுத்தர் சிவக்கப் பார்த்தார். முடியவில்லை. ஆலோசகரிடம் போய்க் கேட்டார். ஆலோசகர் இரக்கத்தோடு விளக்கினார்: "சார், நீங்க இறுதி முனை. இறுதி முனைக்கு நிறம் கிடையாது."

"அந்தக் கட்டத்துல என் நம்பரை எடுத்துட்டா போதுமே."

"எடுக்கலாம். ஆனா நான் இணைப்பு முடிச்சு ஒப்படைச்சுட்டேன். இனிமே மாத்தணும்னா நீங்க உதவி மையத்துக்குப் போன் பண்ணி ஒரு கோரிக்கை பதியணும்."

எழுத்தர் தன் மேசைக்கு வந்து உதவி மையத்தின் எண்ணை அழுத்தினார். உதவி மையம் கூட்டத்தில் இருந்தது. அழைப்பு எவரும் எடுக்காத அழைப்பானது. 'தாங்கள் அழைக்கும் நபர் தற்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார், காத்திருக்கவும்' என்று அவர் காதில் பாட்டு போட்டார்கள். அந்த நபர் அவர்தான் என்பது அவருக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. உறைத்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று.

ஒரு வாரம் போய், இன்னொரு வாரம் போய், மாதமும் போயிற்று. மனைவி தினமும் மாலையில் கைப்பேசியில் கூப்பிட்டு, "என்னாச்சு?" என்பாள். "பாத்துக்கிட்டு இருக்காங்க" என்பார் அவர். முதலில் "ஐயோ, இன்னுமா?" என்றவள், பிறகு "ம்" என்றாள். மகள் மட்டும் போனைப் பிடுங்கி, "எப்பப்பா வருவ? ஒரு தேதி சொல்லு" என்பாள். அவரிடம் தேதி இல்லை.

அழைப்புகளை எடுப்பது குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு சங்கமத்திலேயே கூடியது. யார் மைக்கும் திறந்திருக்கக் கூடாது என்பது ஒழுங்கு. ஆகவே ஒருவர் வாயசைப்பார், மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திய படம் போடுவார்கள். எழுத்தர் அந்தக் குழுவுக்கு, 'என் எண்ணை அந்தக் கட்டத்திலிருந்து யார் நீக்குவார்கள்?' என்று எழுதிக் கேட்டார். பதிலாகப் பதினான்கு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் மட்டும் பூங்கொத்து போட்டிருந்தார், அவர் தவறுதலாகப் போட்டதாகப் பிறகு விளக்கம் அனுப்பினார். குழு இனி தினமும் கூடுவது என்று முடிவானது. தினமும் கூடியதால் எல்லோரும் உண்மையிலேயே கூட்டத்தில் இருந்தார்கள். முன்பு பொய்யாகச் சிவந்திருந்தவர்களின் மனசாட்சிக்கு அது பெரிய ஆறுதல்.

அதற்கிடையில் ஆலோசகர் மறுபடி வந்தார். கையில் ஒரு அட்டை இருந்தது.

"சார், நீங்க வாங்கின தொகுப்புல தானியங்கிக் குரல் ஒண்ணு உண்டு. மெஷினே எடுத்துப் பேசும். அது ரெண்டாம் கட்டத்துல வரும்."

"வந்தா நான் போகலாமா?"

"ரெண்டாம் கட்டத்துல பாக்கலாம். ஒரே ஒரு உதவி. மெஷின் வரும்போது பொதுமக்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. அதனால இப்பவே நீங்க மெஷின் மாதிரி பேசிப் பழக்கிடுங்க. ஏத்த இறக்கம் வேணாம். இந்த அட்டையில இருக்கறத அப்படியே படிங்க. ஏற்கெனவே உங்க குரல்ல பாதி வேலை முடிஞ்சிருக்கு, அதையும் சொல்லணும்."

அட்டையில் இருந்தது: 'குடிநீர் வாரியம். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தங்கள் தெருவின் பெயரைச் சொல்லவும். தண்ணீர் லாரி புறப்பட்டுவிட்டது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா. நன்றி.'

எழுத்தர் படித்தார். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் சௌகரியமாக இருந்தது. அட்டையைப் படிக்கும்போது யாரும் அவரைத் திட்டுவதில்லை என்று கண்டுகொண்டார். மெஷினை யார் திட்டுவார்கள்? ஒரு பெரியவர் மட்டும் தினமும் கூப்பிட்டு, மெஷின் என்று தெரிந்தும், "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்பார். அட்டையில் அதற்குப் பதில் இல்லாததால் எழுத்தர் தெருவின் பெயரைக் கேட்பார். பெரியவர் தெருவின் பெயரைச் சொல்வார். லாரி போகும். அந்தத் தெருவில் தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கிறது என்று டிரைவர் குறைபட்டுக்கொள்வார்.

இடமாறுதல் மனு என்ன ஆயிற்று என்று கேட்க அவர் ஒருநாள் மதிய உணவு நேரத்தில் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். அதிகாரி சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார். கட்டங்களும் அம்புகளுமாக இருந்தது. எல்லா அம்புகளும் வந்து சேரும் இடத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இறுதி முனை' என்று அச்சடித்து, பக்கத்தில் பென்சிலால் 'மூன்றாம் மாடி' என்று எழுதியிருந்தது.

"உங்க மனு மேல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. நீங்க ஆளா இருந்தப்ப கொடுத்தது. அப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப நீங்க அமைப்புல இருக்கீங்க. ஆளை மாத்தறது என் அதிகாரம். அமைப்பை மாத்தறது குழுவோட அதிகாரம்."

"குழு கட்டைவிரல்தான் சார் காட்டுது."

"அப்ப நல்ல செய்திதானே" என்றார் அதிகாரி. "இங்க பாருங்க, நான் மனுஷன். எனக்கும் குடும்பம் இருக்கு. உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா புரிஞ்சதா எழுதிக் கொடுக்க எனக்கு இடம் இல்ல."

"இயக்குநர் மேடத்தைப் பாக்கலாமா?"

"மேடம் சிவப்புல இருக்காங்க."

அவர் திரும்பி வந்தபோது சொத்துக் கணக்கெடுக்கும் பிரிவிலிருந்து ஒருவர் நின்றிருந்தார். வரைபடத்தில் உள்ள உபகரணங்களுக்கெல்லாம் எண் ஒட்ட வந்தவர். போனுக்கு ஒன்று ஒட்டினார். மேசைக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. கையில் இன்னும் ஒரு ஸ்டிக்கர் மிச்சமிருந்தது. எழுத்தரைக் கொஞ்சம் தயக்கத்தோடு பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் ஒட்டணுமா?"

"தெரியலீங்க. மேல கேட்டுச் சொல்லுங்க" என்றார் எழுத்தர்.

அவர் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. வந்தவரும் சிரிக்கவில்லை, மேலே கேட்கப் போனார். மேலே எல்லோரும் கூட்டத்தில் இருந்ததால் ஸ்டிக்கர் இன்னும் முடிவாகவில்லை.

சங்கமம் இணைப்பு வெற்றிகரமாக நிறைவேறியதற்கு ஒரு விழா வைத்தார்கள். இரண்டாம் கட்டமும் முடிந்துவிட்டதாக ஆலோசகர் அறிக்கை கொடுத்துவிட்டார். எல்லா அழைப்புகளையும் ஒரே சீரான குரல் எடுப்பதை அவர் வெளியிலிருந்து கூப்பிட்டுப் பரிசோதித்து, திருப்தியடைந்து, தொகுப்பில் இருந்த தானியங்கிக் குரல் தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார். எழுத்தருக்கு விழாவுக்கு அழைப்பு உண்டு. ஆனால் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஓரமாகப் பார்த்தார்.

இயக்குநர் மேடம் பேசினார்: "முன்பெல்லாம் மக்கள் அழைத்தால் நாம் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் சொன்னால் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலியை நாம் முதல் கண்ணியிலேயே அறுத்திருக்கிறோம். சென்ற காலாண்டில் ஓர் அழைப்புகூடத் தவறவில்லை. ஓர் அதிகாரிகூடத் தொந்தரவு செய்யப்படவில்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சாதித்த அலுவலகம் நமக்குத் தெரிந்து வேறு இல்லை."

கட்டைவிரல்கள் மழையாகப் பொழிந்தன.

அடுத்து ஆலோசகர் எழுந்தார்: "நம் தானியங்கிக் குரல் புகார் வாங்குவதோடு நிற்காது. பேசுவது அதிகாரி என்று தெரிந்தால், அவரிடம் நிலுவையில் உள்ள கோப்புகளைக்கூட நினைவூட்டி, முடிவைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். இதெல்லாம் தாண்டி ஏதாவது கோளாறு வந்தால், பின்னால் மூன்றாம் மாடியில் ஒரு மனிதரும் நிறுத்தப்பட்டிருக்கிறார்."

அந்த மனிதர் அப்போது ஒரு பெண்ணிடம் தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான்தான்" என்றது குரல். "உங்க கைப்பேசி அணைஞ்சிருக்கு. அதான் ஆபீஸ் நம்பருக்குப் பண்ணேன்."

"தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றார் எழுத்தர். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் போகிற பாதையில் போயிற்று.



"அப்படியா? சந்தோஷம். அப்போ ஒரு புகார் எழுதிக்குங்க. இங்க ஒரு வீட்டுல தண்ணியெல்லாம் நல்லா வருது. ஆள்தான் வரல."

"தங்கள் தெருவின்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க, நிறுத்தாதீங்க. தெரு பேரு உங்களுக்குத் தெரியாதுல்ல. நீங்க வந்ததே இல்லையே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "குட்டி பள்ளிக்கூடத்துல அப்பா எங்க இருக்கார்னு கேட்டாங்களாம். போன்ல இருக்கார்னு சொல்லியிருக்கா. நான் கேக்கறதெல்லாம் ஒண்ணுதான். உங்க ஆபீஸ்ல உங்களை விடுவாங்களா, மாட்டாங்களா? மாட்டாங்கன்னாலும் பரவால்ல. நேரா ஒரு வார்த்தை வாங்கிக்கிட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு நாம யோசிக்கலாம். இப்ப யோசிக்கக்கூட முடியல."

"கேக்கறேன்."

"வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேக்க மாட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எழுத்தர் யாரிடம் கேட்பது என்று யோசித்தார். உத்தரவு இல்லாமல் நாற்காலியைக்கூட ஜன்னல் பக்கம் நகர்த்தாதவர் அவர். இப்போது அதில் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தது. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் சிவப்பில் இருந்தார்கள். அவர்களில் யாரைக் கூப்பிட்டாலும் அழைப்பு திரும்பி அவரிடமே வரும். ஒரு தடவை நிர்வாக அதிகாரியையும் கூப்பிட்டுப் பார்த்திருந்தார். தன்னைத் தானே காத்திருக்கச் சொல்லிக்கொண்டதுதான் மிச்சம்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் போன் அடித்தது.

"குடிநீர் வாரியம். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தங்கள் தெருவின் பெயரைச் சொல்லவும்."

"அட, மெஷினா" என்றது ஒரு பெண் குரல், சலிப்போடு. "நான் தலைமைப் பொறியாளரைத்தான் கூப்பிட்டேன். அவர் கூட்டத்துல இருக்கார். அவருக்குக் கீழ இருக்கறவரும் கூட்டத்துல. நிர்வாகத்தைக் கூப்பிட்டாலும் நீதான் வர்ற. இதோ பாரு, நான் இயக்குநர் பேசறேன். எங்க வீட்டுல காலையிலேருந்து தண்ணி இல்ல. வீட்டுல விருந்தாளிங்க வேற."

எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் என்று எழுந்து நிற்கப் பார்த்தவர், மெஷின் எழுந்து நிற்காது என்று நினைவு வந்து உட்கார்ந்தார்.

"தங்கள் தெருவின் பெயரைச் சொல்லவும்."

மேடம் சொன்னார். எழுத்தர் கைப்பேசியில் லாரி டிரைவருக்கு அந்தத் தெருவை அனுப்பினார். டிரைவர் வழக்கம்போல உடனே கிளம்புவதாகப் பதில் போட்டார்.

"தண்ணீர் லாரி புறப்பட்டுவிட்டது" என்றார் எழுத்தர்.

"பரவால்லையே. இந்த ஆபீஸ்ல ஒரு வேலை நடக்கணும்னா மெஷின்தான் செய்யணும் போல."

எழுத்தர் கையில் அட்டை இருந்தது. மிச்சம் இருந்தது உதவி வேண்டுமா என்பதும் நன்றியும்தான். அதைப் படித்தால் அழைப்பு முடிந்துவிடும். எழுத்தர் மெஷின் குரலில் முதல்முறையாக அட்டையில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

"தங்களிடம் நிலுவையில் ஒரு கோப்பு உள்ளது. மூன்றாம் மாடி எழுத்தரின் இடமாறுதல் மனு. அனுமதிக்கலாம் என்றால் ஆம் என்றும், கூடாது என்றால் இல்லை என்றும் சொல்லவும்."

"ஓ, இதுதான் அந்த ஆலோசகர் சொன்னதா? நல்லா இருக்கே" என்றார் மேடம். "இல்லை."

"காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லவும்."

"காரணமும் கேப்பியா? சரி, சொல்றேன், உன்கிட்ட சொன்னா என்ன. அந்த ஆளு குடும்பம் அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பாவம்தான். ஆனா உன்ன நம்பி அவனை அனுப்ப முடியுமா? நீ மெஷின், ஒருநாள் நின்னுட்டா போன் எங்ககிட்ட வரும். வந்தா நாங்க எடுக்கணும். இங்க எவனுக்கும் அதுல இஷ்டம் இல்ல, என்னையும் சேர்த்துத்தான். அதனால அனுப்ப மாட்டோம். குழு, அமைப்பு எல்லாம் சும்மா. இதை அப்படியே எழுதிக்காத. பரிசீலனையில் உள்ளதுன்னு போட்டுக்கோ."

எழுத்தருக்கு வருத்தமாக இல்லை. கால் மரத்துப் போனவன் எழுந்து நின்றதும் ஊசி குத்துவது போல ஏதோ ஒன்று உடம்பில் ஓடியது. அவ்வளவுதான்.

"பதிஞ்சுதா?" என்றார் மேடம்.

"பதிஞ்சுது மேடம்" என்றார் எழுத்தர். அது அவருடைய சொந்தக் குரலாக வந்துவிட்டது.

பின்னணியில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

"யாரு பேசறது?"

"மூணாம் மாடி மேடம்."

"மெஷின் எங்க?"

"வரவே இல்ல மேடம். ஆரம்பத்துலேருந்து நான்தான்."

மேடம் போனை வைக்கவில்லை. வைத்திருக்கலாம். அவர் மூச்சு விடுவது எழுத்தருக்குக் கேட்டது. யாரோ அறைக்குள் வந்து ஏதோ கேட்க, "இருங்க, வர்றேன்" என்று மேடம் அவர்களை அனுப்பிவைத்தார்.

"அப்ப நான் சொன்னதெல்லாம்..."

"கேட்டேன் மேடம். பரவால்ல. பரிசீலனைன்னே போட்டுக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். நாளைக்குக் காலையில நான் ஆபீஸுக்கு வரலன்னா என்ன ஆகும்?"

மேடம் யோசித்தார். விதிகளில் தேடுகிறாரோ என்று எழுத்தருக்குத் தோன்றியது. குழுவுக்கு அனுப்பச் சொல்வார், அல்லது எழுதிக் கொடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தார்.

"அடிச்சுக்கிட்டே இருக்கும்பா" என்றார் மேடம் கடைசியில். "வேற ஒண்ணும் ஆகாது."